வேகம் பார்த்த டிஸ்க்

புது டிஸ்க் ஒன்று வாங்கி வந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். மாட்டினால் சும்மா இருக்க மாட்டேன். எத்தனை வேகமாக எழுதுகிறது, படிக்கிறது என்று சோதித்துப் பார்த்தாக வேண்டும். பெட்டிக்குள்ளிருந்து சூடேறிய தூசி வாசனை வந்தது. என் மூக்குக்கு அந்த வாசனை தனியாக வராது. கருவாட்டு வாசனையையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

பழவேற்காட்டில் காசிம் பாயின் ஸ்டுடியோ கருவாட்டுக் கடையை ஒட்டி இருந்தது. பொன்னேரியில் கம்ப்யூட்டர் படித்த தலைக்கனத்தோடு, கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்ய அங்கே சேர்ந்தேன். மிக்ஸிங்கைவிட டிஸ்க்கின் வேகத்தை அளப்பதில்தான் எனக்கு மோகம். படகுப் பந்தயம் பார்ப்பவன் மாதிரி எண்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

கரண்ட் போனாலும் எழுதியது சிதையாமலிருக்க ஒரு காவல் ஏற்பாடு உண்டு. எழுதியது பதிந்ததா என்று டிஸ்க் நின்று நின்று உறுதி செய்துகொள்ளும். அதனால் வேகம் குறையும். அந்தக் காவலை அணைத்தேன். எண்கள் எகிறின.

"இன்னாபா, ராக்கெட்டு மாரி போவுது!" என்றார் பாய். அணைக்கும்போது வந்த எச்சரிக்கையைப் படிக்காமலே நான் 'சரி' அழுத்தியதை அவர் பார்க்கவில்லை.

அந்த வாரம் அஞ்சலையின் கல்யாண வீடியோ வந்தது. மீனவக் குப்பத்துப் பெண். டிஸ்க்கில் ஏற்றினேன். "கம்ப்யூட்டர்ல கீது பாய்" என்று தைரியம் சொல்லி, காமிரா கார்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்பினேன். மிக்ஸிங் நடுவில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது அந்த வீடியோ மட்டுமல்ல, எதுவுமே திறக்கவில்லை.

குப்பத்துக்குப் போய் அஞ்சலையின் அப்பா ஏகாம்பரத்திடம் உள்ளதைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுற? கடல்ல ஓட்ற போட்டே கவுந்துபோவுது, இது மிஷினு. மாலை வாங்கினு வா, இன்னொரு தபா கட்டிக்குவாங்க."

கோயில் வாசலில், வீடியோவுக்காக மறுபடி கல்யாணம் நடந்தது. கட்டிய தாலியைக் கழற்றக் கூடாதென்பதால் மாப்பிள்ளை கையை மட்டும் அவள் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனான். ஊரே சிரித்தது. அஞ்சலை அப்பாவின் காலில் விழுந்தாள். முதல் தடவை அந்த இடத்தில் அவர் உடம்பு குலுங்க அழுததை நான் திரையில் பார்த்திருக்கிறேன். இப்போது சிரித்துக்கொண்டே நின்றார். அழட்டும் என்று யாரோ அவரைக் கிள்ளிக்கூடப் பார்த்தார்கள்.

"அன்னிக்கி அது தானா வந்துச்சி. இன்னிக்கிக் கேட்டா எங்கேந்துடா வரும்?" என்றார்.

பாய் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஸ்டுடியோ இப்போது இல்லை. பாய் பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்விட்டார். ஏகாம்பரமும் காலமாகிவிட்டார். போன மாதம் பொன்னேரி மார்க்கெட்டில் அஞ்சலையைப் பார்த்தேன். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசினாள்.

"எம் புள்ளைங்க அந்த வீடியோதான் பாக்குதுங்க. தாத்தா சிரிக்கிறாருன்னு சொல்லுதுங்க." கூடையில் மொய்த்த ஈயை விரட்டினாள். "மொத தபா நைனா அழுதுச்சாமே. நா குனிஞ்சிகினு இருந்தனா, பாக்கல. நீ பாத்தியாண்ணா?"

பார்த்தேன் என்றேன்.

"எதுனா சொல்லிச்சா? மோளத்துல எனுக்கு ஒண்ணும் கேக்கல."

அவர் உதடுகள் அசைந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் மிக்ஸிங்கின்போது நான் வீடியோவின் ஒலியை நிறுத்திவிட்டு, அந்த இடத்துக்குப் பொருத்தமாக ஒரு சினிமாப் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.