ஈரச் சாக்கு

என் வீட்டுக்காரர் பதினாறு வருடம் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்கியவர். குச்சி அடுக்கிய சட்டத்தைச் சூடான மருந்தில் அழுத்தி எடுக்கும் வேலை. சில நாள் சட்டம் குப்பென்று பற்றிக்கொள்ளும். பக்கத்தில் ஈரச் சாக்கு கிடக்கும். ஓங்கி நாலு அடி அடித்து அணைத்துவிட்டு அடுத்த சட்டத்தை எடுப்பார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மெஷினோடு போட்டி போட முடியாமல் அந்த ஆபீசை மூடினார்கள். மேற்கே பட்டாசு செய்யும் ஒரு வெடி ஆபீசுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான்தான். அங்கே கொடுத்த பாதுகாப்பு விதிகளை வாசித்துச் சொன்னதும் நான்தான். அலுமினியப் பொடிக் கலவையில் தண்ணீர் படக் கூடாது, தீயைக் கண்டால் ஓட வேண்டும் என்ற வரிகள் வந்தபோது தொட்டிலில் பிள்ளை அழுதது. வாசித்தேனா, தாண்டிப் போய்விட்டேனா? பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். இன்றுவரை நிச்சயமில்லை.

மூன்றாம் வாரம், ஒரு காலையில், கலவைத் தட்டின் ஓரத்தில் பொறி பட்டது. மற்றவர்கள் ஓடினார்கள். இவர் வாசலில் கால் மிதிக்கப் போட்டிருந்த ஈரச் சாக்கை உருவிக்கொண்டு உள்ளே போய் ஓங்கி அடித்தார்.

தட்டு வெடித்து வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கழுத்துத் தோல் சட்டைக் காலரோடு சேர்ந்து உரிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் வலி தாங்காமல் உதைப்பார். காலைப் பிடித்திருந்த எனக்கு ஒருமுறை உதடு கிழிந்தது.

ஐந்தாம் மாதம் வெடி ஆபீஸ் போர்மேன் மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார். இவர் சட்டையை மாட்டினார். டீக்கடை, மணியாச்சியில் லோடு ஏற்றும் வேலை என்று நான் சொன்னது எதையும் காதில் வாங்கவில்லை. மருந்தை விட்டால் தனக்கு என்ன தெரியும் என்றார்.

"திரும்பத் தீப்பிடிச்சா என்ன செய்வீய?"

யோசிக்கவே இல்லை. "அடிச்சு அணைக்க வேண்டியதுதான். வேற என்னட்டி செய்ய? ஓடுததுக்கா சம்பளம் தாராவ?"

கதவுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை கையில் கிடைத்தது. முழங்காலில் அடித்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாவது அடியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை வீறிட்டது. மூன்றாவதாகவும் அடித்தேன். அது தேவையாக இருந்ததா என்று தெரியவில்லை.

நடக்க ஒரு மாதம் ஆயிற்று. போர்மேன் வேறு ஆளை வைத்துக்கொண்டார். இப்போது ஒரு மெஷின் தீப்பெட்டி ஆபீஸ் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார். நொண்டுவது ஏன் என்று கேட்பவர்களிடம் வெடியில் பட்டது என்கிறார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.