மெயின் சுவிட்சில் இருந்த கை

நான் கைப்பிடியை இறக்கியது முதலா, மின்சாரம் நின்றது முதலா? எட்டு வருடமாக இதற்கு எனக்குப் பதில் தெரியாது.

இப்படிப்பட்ட கேள்விகளோடு வாழ்வது எனக்குப் புதிதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிற்குமிடம் வரைக்கும் போனவள், காஸ் அடுப்பை மூடினேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். மறுபடி பூட்டிவிட்டு நடந்தால், இப்போது பூட்டினேனா என்று தோன்றும். என் கணவர் இதற்கு "ரெண்டாவது ரவுண்டு" என்று பெயர் வைத்திருக்கிறார். ஆனால் அடுப்பென்றால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எட்டு வருடத்துக்கு முந்திய ஒரு மதியத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

நேற்று மகளைக் கூட்டிவர ஓப்பநாயக்கவில் இருக்கும் அவளுடைய முன்பள்ளிக்குப் போனேன். மகளுக்கு நான்கு வயது. ஒரு மணிக்கே வானம் இருட்டி, மழை பிடித்துக்கொண்டது. வாசலில் இருபது சோடிச் சின்னச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஈரக் காலுறை. குனிந்து மகளுடையதைத் தேடியபோது அந்த வாடை மூக்கில் ஏறியது. ஈரக் காலுறை, ரப்பர், கொஞ்சம் சவர்க்காரம். அப்படியே நின்றுவிட்டேன்.

கணினிக்கூடத்தின் வாடை அது.

படித்து முடித்த கையோடு ஒரு பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் எனக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. இருபத்துநான்கு கணினிகள், ஒரு குளிரூட்டி, ஒரு பதிவுப் புத்தகம், எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான். தூசி வரக்கூடாது என்பதால் சப்பாத்தை வெளியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். எங்கள் பக்கத்து மழையைப் பற்றி யோசிக்காமல் யாரோ போட்ட சட்டம். தூசி வரவில்லை. ஈரக் காலுறைகள் வந்தன, அவற்றோடு அட்டைகளும் வந்தன. அதனால் வாசலில் ஒரு சவர்க்காரத் துண்டை வைத்திருந்தோம். ஒருமுறை வரலாறு படித்த இளம் பிக்கு ஒருவரின் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. சவர்க்காரம் வேண்டாம், அது செத்துப்போகும் என்றார். உதவியாளர் சுனில் அய்யா, ஓய்வுக்கு இரண்டு வருடமே மிச்சமிருந்த மனிதர், அட்டை வயிறு நிறைந்து தானாக விழும்வரை ஒரு வெற்றுத்தாளோடு காத்திருந்து, அதை ஏந்திக்கொண்டுபோய்ப் புல்லில் விட்டார். அதுவரைக்கும் பிக்கு ஒற்றை விரலால் டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

கலைப்பீடத்துப் பிள்ளைகள் கணினியைக் கண்டு பயந்தார்கள். பாதிப் பேர் அதுவரை தொட்டதில்லை. மவுஸைத் தொட்டால் ஏதாவது உடைந்துவிடுமோ என்ற பயம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, ஆனால் பொறுப்பாளர் அதைச் சொல்லலாமா? சொல்லாமல், அதட்டுவதும் இல்லாமல், சும்மா பக்கத்தில் நிற்பேன்.

எங்கள் கணினிகளுக்கு ஒரு குணம் இருந்தது. வைரஸ் தொல்லை தாங்காமல் அவற்றில் ஒரு மென்பொருளைப் போட்டிருந்தோம். அணைத்துப் போட்டால் கணினி அன்றுவரை நடந்த எல்லாவற்றையும் மறந்துவிடும், முதல்நாள் வாங்கிவந்ததுபோல விழிக்கும். ஆகவே யாரும் திரையில் எதையும் சேமித்து வைக்கக்கூடாது, அவரவர் பென் டிரைவில்தான் வைக்கவேண்டும். மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தேன், மூன்றையும் என் கையாலேயே.

அந்தச் சட்டத்தை ஒரு நாள் நானே மீறினேன்.

ரஞ்சனி இறுதியாண்டு மாணவி. நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டு தோட்டம் தள்ளி அவள் ஊர். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அம்மா கொழுந்து எடுப்பவர். தோட்டத்து மலைகளுக்குக் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் இலக்கம்தான் இருக்கும், ஆனால் சனங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நொண்டியம்மா மலை, கல்யாணத்தண்ணி, துரை விழுந்த பள்ளம். அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்பதுதான் அவளுடைய ஆய்வுக் கட்டுரை. கதைகளை அப்பாவிடம் கேட்டு போனில் பதிவுசெய்து வருவாள். கூடத்தில் இருந்து கேட்டுக் கேட்டு டைப் செய்வாள். போனில் இடம் குறைவு என்பதால் டைப் செய்து முடித்ததை அழித்துவிடுவாள். முதல் இரண்டு அத்தியாயம் அச்சாகி விரிவுரையாளர் கையில் இருந்தது. மூன்றாவது அத்தியாயம், பெயர்களும் கதைகளும் கொண்டது, பென் டிரைவில் மட்டும் இருந்தது. ஒப்படைக்க நான்கு நாள் இருந்தது.

அன்று அந்தப் பென் டிரைவ் முரண்டு பிடித்தது. திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். எப்படியோ அந்த அத்தியாயத்தை மட்டும் வெளியே எடுத்துத் திரையில் போட்டுவிட்டோம்.

"இத ஒருக்கா முழுசா அழிச்சு ஃபோர்மட் பண்ணித் தாறேன். அது வரைக்கும் நீ ஸ்கிரீன்ல இருக்கிறதுலயே வேல செய்," என்றேன்.

"மிஸ், அழிச்சிட்டா வேற கொப்பி இல்லைங்களே."

"இருபது நிமிஷந்தானே புள்ள. நா இங்கதானே இருக்கேன்."

மெயிலுக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கலாம். என் மேசைக் கணினிக்கு மாற்றியிருக்கலாம். இப்போது ஏழு வழி சொல்வேன். அன்று ஒன்றும் தோன்றவில்லை.

பத்து நிமிடம் போயிருக்கும். தூரத்தில் இடி உருண்டது.

இடி கேட்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். என் ஏழாவது வயதில் எங்கள் லயத்தில், ஒரே கூரையின் கீழிருந்த வரிசை வீடுகளில், மின்னல் இறங்கி, ஆறு வீட்டு டிவி ஒரே நேரத்தில் கருகியது. எங்களுடையது வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு மேகம் கறுத்தாலே அம்மா அடுப்படியில் இருந்து கத்துவார், "மெயின எறக்கு புள்ள, மெயின எறக்கு." ஓடுவது என் வேலை. பட்டம் வாங்கியும் அந்த ஓட்டம் காலை விட்டுப் போகவில்லை.

இரண்டாவது இடி பக்கத்தில் விழுந்தது. இருபத்துநான்கு கணினிகள், பாதி செத்த யு.பி.எஸ்கள், என் கையெழுத்தில் உள்ள பொருட் பட்டியல். நான் எழுந்து, கூடத்தை ஒட்டி, மெயின் சுவிட்ச் இருந்த சின்ன அறைக்குள் போனேன். "சேவ் பண்ணுங்க" என்று சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன் என்று சில நாள் நினைக்கிறேன். பெரும்பாலான நாட்கள், சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருந்தால் ரஞ்சனி பக்கத்துப் பிள்ளையின் பென் டிரைவிலாவது போட்டிருப்பாள். அந்த அறையில் மின்விளக்கு எப்போதோ எரிந்துபோயிருந்தது. கைப்பிடியில் கை வைத்தேன். மூன்றாவது இடி. கை இறங்கியது. கூடத்தில் இருந்து எல்லாரும் சேர்ந்து "ஆ..." என்ற சத்தம் வந்தது.

அந்தச் சத்தம் கை இறங்கிய பிறகு வந்ததா, இறங்குமுன்பே வந்ததா? இடியோடு கலந்துவிட்டது. நான் பிரித்துக் கேட்க முயலாத நாளில்லை.

வெளியே வந்தால் நடைகூடம் இருட்டு. எதிரே சிற்றுண்டிச்சாலை இருட்டு. வீதிக்கு அப்பால் கடைகளும் இருட்டு. சுனில் அய்யா கதவருகே நின்று, தமிழும் சிங்களமுமாக, "லயிட் கியா மிஸ், முழு டவுனுக்கும் இல்ல," என்றார்.

நான், "ஆமா அய்யே," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ரஞ்சனி கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "போயிருச்சுங்களா மிஸ்?" என்று கேட்டாள். கரண்டு வந்ததும் பார்ப்போம் என்றேன். அத்தியாயம் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். யாரும் பார்க்காதபோது சின்ன அறைக்குப் போய்க் கைப்பிடியை மேலே தள்ளிவிட்டேன். ஒரு மணித்தியாலம் கழித்து மின்சாரம் வந்தது. கணினி எல்லாவற்றையும் மறந்து, புதிதாக விழித்தது. பென் டிரைவும் வெறுமையாக இருந்தது.

ஊருக்குப் போய் அப்பாவிடம் மறுபடி கேட்டு எழுத நேரமில்லை. நினைவில் இருந்த பதினொரு பெயர்களை வைத்து அத்தியாயத்தை எழுதி ஒப்படைத்தாள். ஃபோர்மட் செய்தது என் பிழை என்று அவளிடமும் விரிவுரையாளரிடமும் சொன்னேன், அதில் எனக்குக் கூச்சம் இருக்கவில்லை. சுவிட்சைப் பற்றிச் சொல்லவில்லை. முடிவு வந்தபோது சொற்பப் புள்ளியில் அவளுக்குப் பட்டத்தில் கிளாஸ், அதாவது வகுப்புச் சித்தி, தவறியது. தற்காலிக விரிவுரையாளராக அவளை எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மூன்று வருடம் கழித்து நான் கர்ப்பமானேன், ஒப்பந்தம் முடிந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன வருடம் சேவைச் சான்றிதழ் வாங்க அங்கே போனேன். கூடம் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் போனிலேயே எழுதிக்கொள்கிறார்களாம், அது இப்போது கூட்ட அறை. சப்பாத்தோடு உள்ளே போகலாம். சின்ன அறையில் விளக்குமாறுகள். கைப்பிடி இருந்த பலகையைக் கழற்றிவிட்டு, தானாக விழும் சுவிட்ச் போட்டிருக்கிறார்கள். சுனில் அய்யா ஓய்வுபெற்று, பிறகு காலமாகியும்விட்டாராம். கேட்க ஒருவரும் மிச்சமில்லை.

ஒருத்தி மிச்சமிருக்கிறாள். என் மகளின் முன்பள்ளி ஆசிரியை ரஞ்சனிதான்.

நேற்று நான் உள்ளே போனபோது வகுப்பு இருட்டாக இருந்தது, பிள்ளைகள் சுவரோரம் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மின்சாரம் இல்லையா என்று கேட்டேன்.

"இருக்குங்க மிஸ். நாந்தான் எறக்கி வச்சேன். இடி இடிச்சா நம்ம கை சும்மா இருக்குமா," என்று சிரித்தாள். பிறகு மகளின் பையை மாட்டிவிட்டபடி சொன்னாள், "லேப்ல அன்னைக்குக் கரண்டு போச்சே, ஞாபகம் இருக்குங்களா? நம்மளே எறக்கியிருந்தாக்கூட சேவ் பண்ணச் சொல்லிட்டுத்தானே எறக்கியிருப்போம்."

நான் மகளின் தலையைத் துவட்டினேன். கையில் வேறு வேலை இருக்கவில்லை.

"அப்பாவும் போயிட்டாரு. இப்ப நெனச்சா பேரு ஒம்பதுதான் வருது," என்றாள்.

பதினொன்று ஒன்பதாகிவிட்டது. ரஞ்சனியின் தோட்டத்து மலைகளைத் துண்டு துண்டாகப் பலருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், சில இடத்தில் காடு ஏறிவிட்டது. துரை எந்தப் பள்ளத்தில் விழுந்தார், எதற்காக விழுந்தார் என்பது என் கணினி ஒன்றில் ஒரு மதியம்வரை இருந்தது.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மின்சாரம்தான் முதலில் நின்றதென்றால், சொல்லி அவளை எதற்கு நோகடிக்க வேண்டும்? நான்தான் முதலென்றால், சொல்லாமல் தினமும் என் பிள்ளையை அவள் கையில் எப்படி ஒப்படைப்பது? எது என்று தெரியாத ஒன்றை எப்படிச் சொல்ல வேண்டும்? சொல்வது அவளுக்காகவா, என் நிம்மதிக்காகவா என்றும் தெரியவில்லை. கணவரிடம் கேட்டேன், ரெண்டாவது ரவுண்டு என்றார்.

உங்களில் யாராவது இப்படி ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்களா? அல்லது யாராவது உங்களிடம் தாமதமாக வந்து சொல்லி, நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேட்டபோது எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். நாளை காலையும் ஏழரைக்கு நான் அங்கே போகவேண்டும். அவள் வாசலில் குந்தியிருந்து, என் மகளின் சப்பாத்தைக் கழற்றி வைப்பாள்.