அண்ணன் சத்தத்தைக் குறைத்த காரணம்

போன வருடம் அண்ணனின் உடலை முன்னறையில் கிடத்தி, சுற்றிலும் உறவுகள் அமர்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், நான் மூலையில் குத்தவைத்து ஆம்ப்ளிஃபயரின் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கத்துக்கு வந்திருந்த அத்தை ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னும் கோயிலுக்கே தூக்கலை, அதுக்குள்ள சாமானுக்குப் பங்கு பாக்கான் பாரு" என்றது என் காதில் தெளிவாக விழுந்தது. கல்லூரியில் தமிழ் நடத்துகிறவன், நாலு பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன். அன்று திரும்பவும் ஆம்ப்ளிஃபயரின் முதுகைத்தான் தொட்டுப் பார்த்தேன். அந்த அத்தையும், அன்று அப்படி நினைத்த மற்றவர்களும் இந்தக் கட்டுரையை என் பதிலாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். நான் பங்கு பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டுப் பெட்டி சூடாகி நின்றுவிடக் கூடாதே என்று பார்த்தேன். அந்தப் பயம் எப்படி வந்தது என்பதற்கு அண்ணனின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் பிறந்தது இதே தூத்துக்குடியில், மாதா கோயில் மணி வீட்டுக்குள் கேட்கிற தெருவில். அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையில் இருந்தார். அண்ணன் பள்ளி முடிக்கும் முன்பே அப்பா காலமானார். பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்துக் கப்பலேறிய அண்ணன், எலெக்ட்ரிகல் ஆபீசராக ஓய்வு பெறும் வரை வருடத்தின் பெரும்பகுதியைக் கடலில் கழித்தார். நான் எம்.ஏ. வரை படித்ததும், படித்ததைக் காட்டிக்கொண்டு திரிந்ததும் அவர் அனுப்பிய பணத்தில்தான். யாரையும் அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. கப்பலில் கோளாறு என்றால் திருப்புளியை எடுப்பார். வீட்டில் கோளாறு என்றால் சிரித்துக்கொள்வார்.

அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம், வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வாங்கிக் கப்பலிலேயே கொண்டுவந்த இரண்டு ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் என் தோள் உயரம். சர்ச் ஆர்கன் இசைத்தட்டுகளை அதில் போட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்காருவார். ஆர்கனின் அடிச்சுருதி தரை வழியாகக் காலில் ஏறும். "என்ஜின் ரூம்லயும் நான் கால் வழியாத்தாம்லே கேப்பேன்" என்பார்.

அவற்றை ஓட்ட அவர் வைத்திருந்த பழைய ஆம்ப்ளிஃபயர் கறுப்பாக, அம்மிக்கல் கனத்தில் இருக்கும். ஏன் இந்தப் பூதம் என்று ஒருமுறை கேட்டேன். "ஏலே, இந்த ஸ்பீக்கர் பாக்கத்தான் சாது. அடிச்சுருதி வந்தா ரெசிஸ்டன்ஸ் ரெண்டு ஓம்ஸுக்கும் கீழ எறங்கிரும். அப்பம் கரண்ட்ட அள்ளி அள்ளிக் குடுக்கணும். எட்டு ஓம்ஸ்ல நூறு வாட்ஸுன்னு அட்டையில எவனும் போடுவான். வாட்ஸ மட்டும் பாத்து வாங்குதது, சம்பளத்த மட்டும் கேட்டுட்டுப் பொண்ணக் குடுக்குத மாதிரி." உவமையை ரசித்தேன், பிறகு ஒரு கட்டுரையில் என்னுடையதாகவும் பயன்படுத்திக்கொண்டேன். பொருளை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் ஓய்வு பெற்றதும், பட்ட கடனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அண்ணனும் மைனியும் வேளாங்கண்ணிக்குப் போயிருந்த சமயம், சாவி என்னிடம் இருந்தது. பூதத்தைக் காரில் ஏற்றி மதுரைக் கடை ஒன்றில் கொடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக நீல விளக்கு எரியும் மெலிந்த புது ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கிவந்தேன். அட்டையில் வாட்ஸ் அதிகமாகப் போட்டிருந்தது.

திரும்பிவந்த அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாருக்குலே" என்றார். ஆர்கன் தட்டைப் போட்டார். அடிச்சுருதி வந்த இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். நீல விளக்கு சிவப்பாகி, பாட்டு நின்றது. தாங்காத பாரம் வந்தால் தன்னைத்தானே அணைத்துக்கொள்கிற ஏற்பாடு அது. அண்ணன் சத்தத்தைக் குறைத்துவைத்து மறுபடி போட்டார். "வயசாவுதுல்லா, இனி மெதுவாக் கேட்டாத்தான் சொகம்" என்றார். நம்பினேன். முதுமையில் மனிதன் எப்படிச் சத்தங்களைத் துறக்கிறான் என்று கட்டுரையும் எழுதினேன். அண்ணன் அதைப் படித்துவிட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

அதன்பின் சில வருடங்களில் அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்றானது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருநாள் மைனியிடம், அண்ணன் பாட்டையாவது மெல்லிய சத்தத்தில் கேட்டு நிம்மதியாக இருக்கிறாரே என்றேன். மைனி என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க வார அன்னைக்குத்தான் ஒங்க அண்ணன் அதத் தொடுதாவ. மத்த நாளெல்லாம் துணி போட்டு மூடித்தான் கெடக்கு."

மதுரைக் கடைக்கு ஓடினேன். பூதம் எப்போதோ கைமாறிப் போயிருந்தது. அண்ணனோடு கப்பலில் வேலை பார்த்த காயல்பட்டினம் காக்கா (அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவரிடம் அதே இனத்தில் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்து, போய்க் கேட்டேன். அவர் உட்காரச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "பழச ஏன் மாத்துனீயன்னு நான் அன்னைக்கே கேட்டேன். 'தம்பி ஆசையா வாங்கித் தந்தது, அவங்கிட்ட மூச்சு விட்டுராதீய'ன்னு என் வாயக் கட்டிட்டாரு ஒங்க அண்ணன். எடுத்துட்டுப் போங்க. தூக்கும்போது முதுகு பத்திரம்."

அன்று அண்ணன் டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பிய நாள். எனக்கு மறுநாள் வரை பொறுக்கவில்லை. காக்காவின் மகன்கள் தூக்கிவந்து வைத்தார்கள். நான் கம்பிகளை மாட்டி, சத்தத்தைப் பழைய அளவுக்கு ஏற்றினேன். அடிச்சுருதி வந்தது, ஜன்னல் கதவு அதிர்ந்தது, எதுவும் அணையவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தட்டு முடியும் வரை அசையாமல் இருந்தார். முடிந்ததும், "நல்லாருக்குலே" என்றார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "போலே, போய்ச் சாப்பிடு" என்றார்.

அதிகநாள் ஆகவில்லை, அண்ணன் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்று அவருக்குப் பிடித்த ஆர்கன் தட்டைப் போடச் சொன்னது மைனி. அவரை வழியனுப்பும்போதாவது பாட்டு பாதியில் நிற்கக் கூடாது என்றுதான் அந்த ஆம்ப்ளிஃபயரின் பக்கத்திலேயே இருந்தேன். அது நிற்கவில்லை.

அண்ணனின் கடைசி மாதங்களில் கை கொடுத்த டயாலிசிஸ் பிரிவு செவிலியர்களுக்கும், வீடு தேடி வந்து நற்கருணை கொடுத்த பங்குத்தந்தைக்கும், எந்நேரம் அழைத்தாலும் ஆட்டோ எடுத்த பக்கத்து வீட்டாருக்கும், ஆம்ப்ளிஃபயரைத் தந்து இன்றுவரை திருப்பிக் கேட்காத காயல்பட்டினம் காக்காவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும், இந்த முதலாமாண்டுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை மைனியிடம் வாசித்துக் காட்டினேன். கடைசியிலாவது அண்ணனுக்கு அவருடைய சத்தத்தைத் திருப்பிக் கொடுத்தேன் என்று ஒரு வரி இதில் இருந்தது. மைனி முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"டயாலிசிஸ் முடிஞ்சு வார அன்னைக்கு அவியளுக்கு ஃபேன் சத்தமே ஆவாது, தம்பி. நீங்க போன பொறவு தலையில துண்ட இறுக்கிக் கட்டிட்டுல்லா படுத்தாவ. 'அவங்கிட்ட சொல்லிராத, பாவம், அம்புட்டு தூரம் தூக்கிட்டு வந்திருக்கான்'னாவ."