துல்கர்னைன் வளையம்

தென்காசியில் அறிவுள்ள மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் பெயர் துல்கர்னைன். இந்தக் கணக்கு அவரே போட்டது. சவூதியில் தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர், மொட்டைமாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, பின்னால் கேமராவை மாட்டி, நெபுலா என்கிற வானத்து வாயுமேகங்களைப் படம் எடுத்தார். ஊரோ குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

"மேல இருந்து கீழ தண்ணி விழுததப் பாக்க கார் புடிச்சு வாரானுவ. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்பார். சீசன் மூன்று மாதமும் வானத்தை மூடும் சாரலுக்கும் அவரிடம் ஏச்சு உண்டு.

தெருவிளக்கோடு அவருக்கு ஆகவே ஆகாது. அதற்காகவே மூன்று ஃபில்டர் வாங்கினார்: ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு ஒன்று, கந்தகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அந்தந்த வாயுவின் ஒளியை மட்டும் உள்ளே விட்டு, தெருவெளிச்சத்தை வாசலோடு அனுப்பிவிடும். மூன்று படத்தையும் கம்ப்யூட்டரில் நிறம் கொடுத்துச் சேர்க்க வேண்டும்.

தூசிக்கும் ஒரு வைத்தியம் உண்டு. தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணி கட்டி, சாயங்கால வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தால், ஃபில்டரில் தூசி உள்ள இடம் கறுப்பாக விழும். அந்த இடத்தைக் கம்ப்யூட்டர் வெளுத்துச் சரிசெய்துவிடும். ஒவ்வொரு தடவையும் இந்தத் துணிப்படத்தைப் புதிதாக எடுக்க வேண்டும்.

துல்கர்னைன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவரா? போன வருஷம் வெளிச்சம் கசியக் கூடாதென்று குழல் முழுக்கத் துணியைச் சுற்றி, இரண்டு முனையிலும் நாடா கட்டினார். துணி காயப்போட வந்த அவர் மனைவி பாத்திமுத்து, பிரேதத்தைக் கண்டதுபோல் பதறிப்போனார்.

"மய்யித்துக்கு கஃபன் கட்டுன மாதிரி இருக்கு. வூட்டுக்கு ஆகாதுங்க, மவுத்து வந்துரும், அவுருங்க."

பக்கத்து மாடியிலிருந்து உலகம்மையும் எட்டிப் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். இந்த மடச்சனத்தோடு யார் மல்லுக்கட்டுவது என்று துணியை அவிழ்த்துக் கொடுத்தார். அன்றைக்கு ஃபில்டருக்கு ஒன்றாக எடுத்த துணிப்படங்களை வைத்தே வருஷத்தை ஓட்டினார். நடுவில் ஒருநாள் ஃபில்டர்களைப் பளிச்சென்று துடைத்தும் வைத்தார்.

இந்தத் தை மாதம் ரோசெட் நெபுலாவை எடுத்தபோது, ஆக்சிஜன் படத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு வெளிர் வளையம் தெரிந்தது. எந்தப் பட்டியலிலும் அது இல்லை. சாகப்போகிற நட்சத்திரம் ஊதிவிட்ட வாயு இப்படித்தான் வளையமாக நிற்கும். கண்டுபிடித்தவர் பெயரும் அதோடு நிற்கும். துல்கர்னைனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் 'துல்கர்னைன் வளையம்' என்று போட்டார். சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் விழாவில் பெரிய படமாகத் திறந்து வைக்க ஏற்பாடும் ஆயிற்று.

வியாழக்கிழமை அச்சுப் போட ஸ்டுடியோ இசக்கிமணியிடம் போனார். கல்யாணப் பெண்ணின் முகப்பருவைத் துடைத்தே வயதான ஆள் என்று அவன் மேல் அவருக்கு இளக்காரம்.

"ஏலே, ஒரு புள்ளியத் தொட்டுராத. ஒவ்வொண்ணும் ஒரு சூரியன்."

"தொடல பாய். இந்த வளையம் மட்டும் தூசி. அதத் தொடைச்சிரட்டா?"

"தூசியா? ஒனக்கு என்னலே தெரியும்?"

"எங்க கேமராலயும் விழும் பாய், இதே வட்டமா. ஆனா கறுப்பால்லா விழும்? ஒங்களுக்கு வெள்ளையா இருக்கு. அதான் யோசிக்கேன்."

துல்கர்னைன் யோசிக்கவில்லை. யோசிக்காமலே தெரிந்துவிட்டது. அவர் துடைத்துப் போட்ட தூசியை, பழைய துணிப்படத்தை நம்பி, கம்ப்யூட்டர் இன்னும் அந்த இடத்தில் வெளுத்துக்கொண்டிருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குத் தன் ஃபில்டரே தெரியவில்லை. முகப்பரு துடைக்கிறவன் ஒரு பார்வையில் கண்டுவிட்டான். அவமானத்தில் அவருக்குக் காது மடல் சுட்டது.

"அச்சுப் போடாத. இரி" என்று வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பாத்திமுத்துவிடம் வெள்ளைத் துணி கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் எடுத்துக் கொடுத்தார். வெயில் சாயுமுன் துணி கட்டி, புதிதாக ஒன்று எடுத்து, படத்தைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தார். நெபுலா அப்படியே இருந்தது. வளையத்தைக் காணோம்.

மாடியில் தொலைநோக்கி இன்னும் வெள்ளைத் துணியோடு நின்றது. பக்கத்து மாடியில் உலகம்மை.

"யக்கா, மறுபடியும் கட்டியிருக்காவ. யாருக்கு என்ன ஆச்சு?"

பாத்திமுத்து கொடியில் துணியை உதறிப் போட்டார்.

"ஒண்ணுமில்ல தாயி. இவுக வளையம் மவுத்தாயிட்டு."