தட்டில் மிஞ்சியது

பினாங்கு ஜுருவில் இருக்கும் எங்கள் கற்பூரத் தொழிற்சாலையில் இன்றைக்கும் காலையில் இயந்திரம் ஓடுவதற்கு முன்னால், புதுச் சரக்கிலிருந்து ஒரு வில்லையை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்துக் கொளுத்துவார்கள். எரிந்து அணைந்ததும் ஒருவர் தட்டை விரலால் துடைத்துப் பார்ப்பார். விரலில் ஒன்றும் ஒட்டாவிட்டால்தான் வேலை தொடங்கும். வெளியாட்கள் அதைப் பூசை என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பூசைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எப்படி வந்தது என்று இப்போது அங்கே இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால் எழுதிவைக்கிறேன்.

தொழிலை ஆரம்பித்தவர் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அப்போது ஜோர்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் பின்பக்கம்தான் தொழிற்சாலை. கப்பலில் வரும் கற்பூரத் தூளைக் கை அச்சில் போட்டு அப்பா வில்லையாக அழுத்துவார். அம்மா, பெரியம்மா, நான் மூவரும் தாளில் சுற்றுவோம். பெரியப்பா சைக்கிளில் கடை கடையாகப் போட்டுவிட்டு வருவார். குளிக்காமல் அச்சைத் தொடக்கூடாது. அச்சு ஓடும் நாளில் வீட்டில் மீன் வாசம் வரக்கூடாது. பினாங்கில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் எப்படி என்று பெரியம்மா முணுமுணுப்பார். பெரியப்பா காதில் விழாத மாதிரித்தான்.

“மிச்சம் வைக்காம எரியணும். மிச்சம் வச்சா அது கற்பூரம் இல்ல” என்பது பெரியப்பாவின் பேச்சு. வில்லையைச் சாமியிடம் கொடுப்பது போல இரண்டு கையாலும்தான் எடுப்பார்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அந்தத் தைப்பூசத்துக்குப் பெரியப்பா கேட்ட கடைக்கெல்லாம் சரக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வெள்ளி ரதம் எங்கள் தெருமுனையில் நிற்கும்போது காட்டும் தீபமும் நம் கற்பூரமாக இருக்க வேண்டும் என்று கோயிலில் கேட்டு, அதற்கும் சம்மதம் வாங்கியிருந்தார். ஆனால் தூள் வர வேண்டிய கப்பல் வரவில்லை. “முருகன் கொண்டாந்து சேப்பான்” என்று சொல்லிவிட்டு, பெரியப்பா விரதம் இருந்து கோயிலிலேயே தங்கிவிட்டார். கடைக்காரர்கள் மட்டும் தினமும் வந்து அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒரு மத்தியானம் பின்பக்கம் போனேன். அப்பா தேங்காய்த் துருவியில் உட்கார்ந்து மெழுகுவர்த்தி துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மிச்சமிருந்த கற்பூரத் தூள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னாப்பா, மெழுகுவத்தியில சம்பலா?”

அப்பா சிரிக்கவில்லை. “போ, போயி தாளை மடி” என்றார்.

எல்லாக் கடைக்கும் சரக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பி வந்த பெரியப்பாவிடம் கப்பல் வந்துவிட்டதாகச் சொல்லப்பட்டது. அவர் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

ரதம் வந்த அன்று சாலையெல்லாம் உடைந்த தேங்காயும் தண்ணீரும். சீனக் குடும்பத்தார்கூடக் குவித்துவைத்து உடைத்தார்கள். ரதம் எங்கள் முனையில் நின்றது. பெரியப்பா புதுப் பித்தளைத் தட்டில் வில்லைகளை அடுக்கி ஐயரிடம் நீட்டினார். தீபம் காட்டித் தட்டு கீழே வந்தது. எல்லாரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சுடர் அணைந்தது. தட்டில் பால் ஆடை மாதிரி ஒன்று தங்கி, பார்க்கப் பார்க்க இறுகியது.

முதலில் கண்டது எதிர்ப்பக்கத்து மளிகைக்கடைக்காரர்தான்.

“என்னாண்ணே இது? சர்ச்சுக்குப் போற மெழுகுவத்தி வழி தெரியாம ரதத்துக்கு வந்துருச்சா லா?”

நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் முகம் அதைவிட மோசமாக இருந்தது. பெரியப்பா விரலால் தட்டைத் துடைத்து மோந்து பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா ரதத்தையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. கீழே உடைந்து கிடந்த தேங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு விடை தெரியும் என்ற அவசரம். “பெரியப்பா, அது வந்து...” என்று வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னைச் சட்டென்று தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். “சாமியப் பாரு ஆயி” என்றார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“நான்தான்யா கலந்தேன். தூள் பத்தல. ஏந் தப்பு.”

ரதம் நகர்ந்தது. சாமி இருக்கும்போதே பெரியப்பா பொய் சொல்கிறாரே, அவர் கண் போகுமோ என்று தோளில் உட்கார்ந்தபடி நான் பயந்தேன்.

மறுநாள் அவர் தண்ணீர்மலையில் மொட்டை போட்டுக்கொண்டார். கடை கடையாகப் போய்ச் சரக்கைத் திருப்பி எடுத்தார். ஏச்சையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வந்தார். தாளை உரித்து, மூட்டை கட்டி, அண்ணனும் தம்பியும் பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் ஏறி நடுக்கடலில் கொட்டினார்கள். நானும் போயிருந்தேன். வில்லைகள் மூழ்கவில்லை. வெள்ளை வெள்ளையாகக் கொஞ்ச தூரம் ஃபெரியின் பின்னாலேயே வந்தன.

புதுத் தூள் வந்து அச்சு ஓடிய முதல் காலையில், பெரியப்பா ஒரு வெள்ளைத் தட்டை அப்பாவிடம் கொடுத்தார்.

“இனிமே மொத வில்லைய நீதான் கொளுத்தணும்.”

முதல் வில்லையைச் சாமிக்குக் கொளுத்துவது அதுவரை பெரியப்பா யாரையும் தொடவிடாத காரியம். எனக்குப் பொறுக்கவில்லை. “தப்பு செஞ்சவங்களுக்குப் பூசையாம்மா?” என்று கேட்டேன். “வாய மூடிக்கிட்டுச் சாப்புடு” என்றார் அம்மா.

அப்பா கொளுத்துவார். அணையும்வரை நிற்பார். தட்டைத் துடைத்து, சுத்தமாக இருக்கும் விரலைப் பெரியப்பாவுக்கு நேரே நீட்டிக் காட்டுவார். பெரியப்பா காலமாகும்வரை ஒரு காலை தவறாமல் அப்படித்தான் நடந்தது.

பெரியப்பா ஒருநாளும் அந்த விரலைப் பார்த்ததில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்து, “சரி, அச்ச ஓட்டு” என்பார். பாவம், சாமி முன்னால் பொய் சொன்னதால் அவருக்குக் கண் மங்கிவிட்டது என்றுதான் நான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.