என் மூன்று விரலும் எத்தியோப்பியாக்காரர் நான்கு விரலும்

இன்று காலை எத்தியோப்பியாவில் இருக்கும் ஒரு கிழவரோடு மல்லுக்கு நின்றேன். (வீடியோ காலில்தான்.)

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது. தப்பிருந்தால் போனைத் திட்டுங்கள்.

எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கம் மானாவாரி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். எந்த வருடம் எந்தத் துண்டில் என்ன விதைத்தோம், எத்தனையாம் நாள் மழை விழுந்தது, எல்லாம் நின்ற இடத்தில் சொல்வேன். விஞ்ஞானி வள்ளி மேடம் என்னிடம் கேட்காமல் எதையும் எழுத மாட்டார்.

போன வருடம் வரைக்கும்.

அதன்பிறகு, நம்மைப் போலவே கரிசல் மண் உள்ள எத்தியோப்பியாவில் ஒரு விஞ்ஞானி அம்மாவோடு கூட்டு ஆராய்ச்சி. வாராவாரம் வீடியோ கால். இரண்டு பக்கமும் நெட் இழுத்து இழுத்துத்தான் வரும். அந்த அம்மா பக்கத்தில் தெஸ்ஃபாயே என்று ஒரு விவசாயி. என் வயசு. நல்ல பல்வரிசை.

மேடம் வாயைத் திறந்தால் தெஸ்ஃபாயே. மேசையில் அவர் போட்டோ. என் போட்டோ என் அடையாள அட்டையில் மட்டும்.

மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் சோளம் விதைப்பது நம் ஊர் வழக்கம். ஆழமாகப் போட்டால் தூறலை நம்பி முளைக்காது, நல்ல மழைக்குத்தான் முளைக்கும். நான் விரல் அகலத்தில் சொன்ன ஆழக் கணக்கில் அங்கேயும் போட்டார்கள். முதல் தூறலிலேயே முளைத்துக் கருகிவிட்டது.

"அண்ணாச்சி, மூணு விரக்கடை ஆழம்னுதான சொன்னீங்க?" என்றார் மேடம், இன்று காலை வீடியோ காலில்.

"தெஸ்ஃபாயே பெரிய ஆளுல்லா. அவியகிட்டயே கேளுங்க."

"கேட்டாச்சு. மூணுதான்னு அடிச்சுச் சொல்லுதாவ. இன்னும் ஒரு தடவைக்குத்தான் விதை இருக்காம். அதும் போச்சுன்னா இந்த வருசம் அவியளுக்கு வெள்ளாமையே இல்ல."

உண்மையைச் சொல்கிறேன், வயிற்றில் ஒரு ஓரம் குளிர்ந்தது.

அப்போது தெஸ்ஃபாயே திரையில் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினார். முருங்கைக்காய் போல ஒல்லி விரல்கள். என் கையைப் பார்த்தேன். மண்வெட்டி பிடித்தே தடித்த விரல்கள்.

பேசாமல் இருந்திருக்கலாம். விதை என்ன பாவம் செய்தது?

"மேடம், அவிய விரல ஸ்கேல் வச்சு அளக்கச் சொல்லுங்க. எனக்கும் அளங்க."

அளந்தார்கள்.

"ஒங்க மூணும் அவிய நாலும் ஒண்ணு அண்ணாச்சி!"

அந்த நேரம் பார்த்து நெட் போய்விட்டது. அவர் காதில் விழுந்ததோ இல்லையோ. மேடம் வாசல் வரைக்கும் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

நெட் திரும்ப வந்ததும் தெஸ்ஃபாயே ஏதோ பொரிந்து தள்ளினார். அந்த அம்மா அதை இங்கிலீஷில் சொல்ல, மேடம் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்:

"நாலு வெரல் ஆழம் போடுதேங்காவ. 'ஒரு வருசமா இந்தியாக்காரர் சொன்னார், இந்தியாக்காரர் சொன்னார்னு இந்தம்மா என் உசுர வாங்குது. கடைசில பாத்தா அந்தாளுக்கு வெரல்தான பெருசு'ன்னு கேக்காவ."

மேடம் என் கையையும் திரையில் தெரிந்த அவர் கையையும் சேர்த்துப் போட்டோ எடுத்து, சாயங்காலமே மேசையில் வைத்துவிட்டார்.

அதில் என் முகம் இல்லை, கை மட்டும்தான் தெரிகிறது. பக்கத்திலேயே தெஸ்ஃபாயேயின் பழைய போட்டோ, பல்வரிசையோடு.

முகம் தெரிகிற மாதிரி எனக்கும் ஒன்று வைக்கச் சொல்ல வேண்டும். கேவலமாகத் தெரியாமல் எப்படிக் கேட்பது? யாராவது சொல்லுங்கள்.