நான் உதைத்த முதுகு

நான் கால் முந்திப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மூன்று உதை உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்த ஒரே மாதத்தில் இந்தச் சேதி கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. தலைச்சோலையிலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் காப்பித் தோட்டத்து ஆட்கள் வருவார்கள். எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னால் குப்புறப் படுப்பார்கள். இடது காலால் மூன்று தட்டு தட்டுவேன். "இப்பத் தேவலாமுங்க" என்று எழுந்து, வெல்லமோ மண்ணெண்ணெயோ வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. பொய் சொல்வானேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். லாரியிலிருந்து அரிசி மூட்டையை இறக்கும்போது என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று காலையிலேயே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்கிற மனிதரா? இப்போது குப்புறப் படுத்துக்கொண்டு, "ஏம்புள்ள, ஊருக்கெல்லாம் உதைக்கறே, எனக்கு மட்டும் இல்லியா?" என்று சிரிக்கிறார். எனக்கு வந்ததே கோபம். முதல் இரண்டைத் தட்டினேன். மூன்றாவதை உண்மையாகவே உதைத்துவிட்டேன்.

அவர் கத்தவில்லை. மூச்சு மட்டும் சட்டென்று வெளியே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "இடது காலு மரத்துப்போச்சு புள்ள" என்றார்.

பத்து நாள் படுக்கை. எண்ணெய், ஒத்தடம், பற்று எல்லாம் போட்டாயிற்று. நிமிர்ந்து நிற்க முடியவில்லை, என் தோளில் சாய்ந்துதான் கொல்லைப்புறம் வரை போனார். யார் கேட்டாலும் மூட்டை தூக்கினேன் என்றார். உதையைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. இவர் இனி எழுந்து நடக்காமலே போனால் அதற்கு நான்தான் காரணம் என்று ஒவ்வொரு தொழுகையிலும் அழுதேன்.

கடைக்கு வந்துபோகும், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர்தான் வழி சொன்னார். "எங்க முதலாளியோட அக்கா பங்களாவுக்கு வந்திருக்காங்க. சீமையில ஆஸ்டியோபதின்னு படிச்சவங்க. மருந்தில்லீங்க, ஊசியில்லீங்க, கையிலயே பாக்கறாங்க. காப்பிப் பழம் பறிக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் நொம்ப நல்லாயிருக்குதுங்க."

"ஒரு பொம்பள எம்மேல கை வெச்சுப் பாக்கறதா?" என்றார் இவர்.

"பொம்பள கால் வெச்சப்ப சும்மாதானே இருந்தீங்க" என்றேன். அதோடு பேச்சை விட்டுவிட்டார். ரைட்டர் ஜீப் அனுப்பினார்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பேச்சிலும் நடையிலும் அவசரமே இல்லை. இவரைச் சுவரோரம் நிற்க வைத்து முன்னும் பின்னும் பார்த்தார். எந்தத் தோளில் மூட்டை சுமப்பீர்கள், படியேறும்போது எந்தக் காலை முதலில் வைப்பீர்கள் என்று கேட்டார். பிறகு படுக்க வைத்து முதுகின் மேல் கையை வைத்தார்.

"கீழே விழுந்தீங்களா? அடி ஏதாவது பட்டுச்சா?"

"இல்லீங்கம்மா. மூட்டை தூக்குனதுதானுங்க."

அந்த அம்மா அதை நம்பித்தான் அடுத்ததைச் செய்யப்போகிறார் என்று எனக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. "பொய்யிங்கம்மா. நான்தான் உதைச்சேனுங்க. கோவத்துல பலமா உதைச்சுட்டேனுங்க" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கையை எடுத்துவிட்டார். எந்த இடத்தில், எவ்வளவு பலமாக, கால் எப்போது மரத்தது, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காலைத் தூக்கிப் பார்த்தார். "எலும்பு நல்லா இருக்கான்னு தெரியாம நான் எதுவும் செய்யக்கூடாது. சேலம் போய் எக்ஸ்ரே எடுத்து, டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க."

இருபது கொண்டை ஊசி வளைவு, போக ஒரு தடவை, வர ஒரு தடவை. பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமில்ல" என்று ஒவ்வொரு வளைவிலும் என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். எலும்பில் குறை ஒன்றும் இல்லை என்று சேலத்து டாக்டர் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் வைத்தியம் ஆரம்பித்தது. மளுக்கென்று ஒரு சத்தம் கேட்கும், எழுந்து நடந்துவிடலாம் என்று இவர் நினைத்திருந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு அந்த அம்மாவின் கை தொடைக்கும் இடுப்புக்கும் விலாவுக்கும் போனது. காலை மடக்கிப் பிடித்து, மூச்சை விடச் சொல்லி, விட்ட மூச்சோடு மெல்ல அசைத்தார். வலது தோளிலேயே பல வருடம் சுமந்ததில் ஒரு பக்கம் இறுகிவிட்டது, அதற்கு ஈடுகொடுத்து மறுபக்கம் அலுத்துவிட்டது என்றார். இரண்டாம் தடவை இவர் அங்கேயே தூங்கிப்போனார். இத்தனை நாளாகச் சரியாகத் தூங்காத மனிதர் குறட்டையே விட்டார். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கவும், உட்கார்ந்து எழுந்து பாரம் தூக்கவும் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் வாரம் மரமரப்பு போனது. ஐந்தாம் வாரம் நிமிர்ந்து நின்றார். உதை கேட்டு வந்தவர்களை நான் பங்களாவுக்கு அனுப்பத் தொடங்கினேன். சிலருக்கு என் மேல் கோபம்கூட.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், "இனிமே வர வேண்டாம். தாராளமா நடக்கலாம், வேலை செய்யலாம்" என்றார் அந்த அம்மா. இவர் சட்டையை மாட்டப் போனபோது நான் தனியாகக் கேட்டேன். "நான் உதைச்சதாலதான் இப்படி ஆச்சுங்களாம்மா?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நம்பித்தான் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியலைம்மா. மூட்டையா இருக்கலாம், உதையா இருக்கலாம், ரெண்டுமாவும் இருக்கலாம். ஆனா நீங்க சொல்லாம இருந்திருந்தா, எக்ஸ்ரே பாக்காமலே கை வெச்சு நான் தப்பு செஞ்சிருப்பேன்."

அப்போது எனக்கு அழுகைதான் வந்தது. ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்றுகூட நினைத்தேன். ஜீப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருவரும் நடந்தே இறங்கி வரும்போதுதான் புரிந்தது. என் மனம் குளிர்வதற்காகக்கூடப் பொய் சொல்லாதவர், இவர் நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் அது உண்மை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த அம்மாவின் கைக்கு நன்றி சொல்லும்போது, அந்தத் 'தெரியலை'க்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சரிவான பாதை, மழை பெய்த ஈரம். அதுவரை விடாமல் பற்றியிருந்த என் வீட்டுக்காரரின் முழங்கையை விட்டுவிட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமல் எனக்கு முன்னால் நடந்து போனார்.